பெண்டிர் நோயறி சோதனையும் தொழில் முயற்சியும்



திருவள்ளூரில் கோயில் கொண்டுள்ள வீரராகவப் பெருமாளை மக்கள் 'வைத்திய வீரராகவன்' என்று அழைப்பதை உங்களுட் பலர் அறிவீர்கள். அமாவாசைதோறும் சுற்றுவட்டாரத்து மக்கள் திரள் திரளாக வந்து, வெல்லத்தைத் திருக்குளத்து நீரில் கரைத்து, வெல்லம் கரைவது போலத் தம் பிணியும் கரைந்து போகட்டும் என்று வேண்டிக்கொள்வர். இம்மாவட்டத்துப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் 33 ஆண்டுகள் பணியாற்றிய நான் அக்குளக்கரையில் பன்முறை நின்றிருக்கிறேன். அங்கு வருவோருள் தாய்மாரே மிகுதி. கணவனுடைய பிணிக்காக வேண்டுவார்கள். குழந்தையின் பிணிக்காக வேண்டுவார்கள். தம்முடைய பிணியைப் பற்றி வாய் திறப்போர் மிகச் சிலர். தமக்குப் பிணி உண்டா இல்லையா என்பதையே அறியாதவர் மிகப் பலர்.

நோய் இன்னது என்று அறிந்த பின்னரே மருந்துக்கு வேலை. அறிவதற்குச் சோதனை வேண்டும். அந்தச் சோதனையைப் பெண்களுக்கு எட்டும்படி செய்வது எவ்வாறு? அதனைத் தொழிலாக மேற்கொள்ள விரும்பும் இளைஞர் எதனை நெஞ்சில் நிறுத்தித் தொடங்க வேண்டும்? இவையே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் என் வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சொல்வது எனக்கு எளிதன்று. ஆயினும் சொல்லுதல் கடமை.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பு, கும்மிடிப்பூண்டிக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்துவந்த அம்மையார் ஒருவர், நாற்பது வயதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். அவர் மகள் எங்கள் பள்ளியிலேயே 8ஆம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஊருக்கு ஒரு மருத்துவ முகாம் வந்தது. பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்தார்கள். கருப்பையின் வாய்ப்பகுதியிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, அத்தகடுகளை நகரத்துக்குக் கொண்டு சென்றார்கள். முடிவு அஞ்சலில் வரும் என்றார்கள். அம்மையார் குடியிருந்த தெருவில் கடிதம் ஒழுங்காகச் சேராது. ஆதலால் பள்ளியின் முகவரியைக் கொடுத்தார்.

கோடை விடுமுறை வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது சேர்ந்து கிடந்த கடிதக் கட்டில் அவருடைய கடிதமும் இருந்தது. மாணவர் சேர்க்கை, பாடநூல் வழங்கல் என்னும் வேலைகளின் நெருக்கடியில் அக்கட்டை என் மேசையின் இழுப்பறையில் வைத்தவன், ஆகஸ்டு மாதத்தில்தான் பிரித்துப் பார்த்தேன். அம்மையாரை அழைத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னையே படிக்கச் சொன்னார். "மறுபரிசோதனைக்கு வரவும்" என்று ஒரே வரி.

"கடுதாசி வரலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்னு இருந்துட்டேன், சார். நாலு மாசம் ஆயிடுச்சு. எனக்கு ஒண்ணும் பண்ணலியே. பொங்கல் கழிச்சுப் போய்ப் பார்த்துக்கிறேன்" என்றார்.

பொங்கல் கழிந்தது. அவர் போகவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. மூன்று ஆண்டுகள் சென்ற பின், குருதிப்போக்கோடு மருத்துவமனைக்குச் சென்றார். நோய் முற்றியிருந்தது. அடுத்த ஆண்டு மகளைத் தனியே விட்டு இறந்துபோனார்.

அந்தச் சோதனை பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னது. ஆனால் அவ்வுண்மை ஓர் இழுப்பறைக்குள் இரண்டு மாதம் உறங்கியது. அதில் என் பிழையும் உண்டு. அந்தப் பிழையை எண்ணி எண்ணி நான் கற்ற பாடம் ஒன்று. ஒரு பெண்ணுக்கும் அவள் நலத்துக்கும் இடையில் மூன்று தொலைவுகள் உள்ளன. சோதனை செய்யும் இடத்துக்குப் போகும் தொலைவு முதலாவது. விடைக்குக் காத்திருக்கும் தொலைவு இரண்டாவது. விடை தெரிந்தபின் மருத்துவத்துக்குத் திரும்பி வரும் தொலைவு மூன்றாவது. எந்தச் சோதனை இம்மூன்று தொலைவுகளையும் குறைக்கின்றதோ அதுவே மேலான சோதனை. மற்றச் சிறப்புகள் எல்லாம் இதற்குப் பின்னரே.

இனி இக்கருத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

கிரேக்க நாட்டிலிருந்து நியூயார்க் நகரில் குடியேறிய ஜார்ஜ் பாப்பனிகோலாவு என்பார், பெண்ணின் உறுப்பிலிருந்து இயல்பாக உதிரும் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தே புற்றுநோயைக் கண்டுகொள்ளலாம் என்று 1928இல் அறிவித்தார். அவருடைய துணைவியார் ஆந்திரோமாக்கி பல்லாண்டுகள் தம்மையே இவ்வாராய்ச்சிக்கு உட்படுத்திக்கொண்டார். மருத்துவ உலகம் முதலில் செவி சாய்க்கவில்லை. 1941இலும் 1943இலும் வெளிவந்த ஆராய்ச்சிகளுக்குப் பின்னரே அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. 'பாப் சோதனை' என்று அவர் பெயராலேயே வழங்கும் அச்சோதனை, செல்வ நாடுகளில் எண்ணற்ற பெண்களின் உயிரைக் காத்துள்ளது. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதன்று. உயிரணுக்கள் மாறத் தொடங்கிப் புற்றாக முதிரப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். அந்த இடைக்காலத்தில் கண்டுகொண்டால் எளிய மருத்துவத்தாலேயே தடுத்துவிடலாம்.

அவ்வாறாயின் நம் நாட்டில் ஏன் இன்னும் இத்தனை மரணங்கள்? உலக மதிப்பீடுகளின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். பாப் சோதனைக்குத் தகட்டை ஆராயும் பயிற்சி பெற்ற வல்லுநர் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், தகடு போகவும் விடை வரவும் ஒழுங்கான வழி வேண்டும், விடை வந்தபின் அப்பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். இவை எல்லாம் அமைந்த நாட்டில் அது வெற்றி பெற்றது. நம் சிற்றூர்களில் இச்சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்துவிடுகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இச்சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர் இந்தியா முழுவதிலும் 100க்கு 2 பேருக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10க்கு ஒருவர். நாம் முந்தியிருக்கிறோம் என்று மகிழலாம். ஒன்பது பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பதையும் மறத்தல் கூடாது.

இச்சங்கிலியைக் குறுக்குவதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் அரிய முயற்சி நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ நல்லுறவுச் சமுதாய நல மையமும், பிரான்சு நாட்டில் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் பிறரோடு சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. மருத்துவர் சங்கரநாராயணன் அதற்குத் தலைமை தாங்கினார். அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி யாது? விலையுயர்ந்த பொறியன்று, நீர்த்த அசிட்டிக் அமிலம். ஊறுகாய்க்கு ஊற்றுகின்ற காடியில் உள்ள பொருள்தான் அது. அதனைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறுபட்ட உயிரணுக்கள் உள்ள இடம் வெண்ணிறமாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துச் சொல்லலாம். தேவையானவர்களுக்கு அவ்வருகையிலேயே அவ்விடத்தைக் குளிரூட்டி அழிக்கும் மருத்துவமும் செய்யலாம். சோதனை, விடை, மருத்துவம் மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஒரே வருகையில்!

2000 முதல் 2003 வரை 31,343 பெண்கள் இச்சோதனைக்கு உட்பட்டனர். அதன் முடிவுகள் 2007இல் இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' இதழில் வெளியாயின. சோதனை நடந்த ஊர்களில், நடவாத ஊர்களைவிடக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 100க்கு 25 பங்கும், அதனால் நேர்ந்த மரணம் 100க்கு 35 பங்கும் குறைந்திருந்தன. அப்பாடத்தைக் கொண்டு தமிழ்நாடு அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டம் நடத்திப் பின்னர் விரிவாக்கியது. காடியும் செவிலியர் கண்ணும் செய்த வேலை இது.

ஆயினும் நல்லாசிரியன் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தலாகாது. கண்ணால் காணும் சோதனை காண்பவரின் கண்ணையே நம்பியுள்ளது. பயிற்சி தளர்ந்தால் பயனும் தளரும். மகாராட்டிர மாநிலத்தில் அப்போது உஸ்மானாபாத் எனப்பட்ட மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆராய்ச்சியின் முடிவு 2009இல் வெளிவந்தது. அங்கே காடிச் சோதனையால் மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் இந்நோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரசு, அதாவது ஹெச்.பி.வி., உடலில் உள்ளதா என்று பார்க்கும் சோதனையை ஒரே ஒரு முறை செய்துகொண்ட குழுவில், முற்றிய புற்றும் மரணமும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இந்த வைரசுக்கும் இப்புற்றுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய செருமானிய அறிஞர் ஹெரால்டு சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரசைக் கண்டறியும் சோதனையே முதன்மையாகக் கொள்ளத் தக்கது என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2021இல் அறிவுறுத்தியது.

அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் அதையே செய்துவிடலாமே என்பீர்கள். அங்கேதான் தடை. அச்சோதனைக்கு விலை அதிகம்; குளிர்ந்த அறையும் தடைபடாத மின்சாரமும் உள்ள ஆய்வுக்கூடம் தேவை. அதாவது, காடிச் சோதனை குறைத்துக் கொடுத்த தொலைவுகள் மறுபடி நீண்டுவிட்டன! சிறந்த விடை தொலைவில் கிடைக்கிறது. அருகில் கிடைக்கும் விடையோ சிறந்ததன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் பாலம் கட்டுவதே தொழில்முனைவோரின் வேலை.

பெங்களூரில் 2000ஆம் ஆண்டில் பிக்டெக் என்னும் சிறு நிறுவனம் தோன்றியது. பெரிய ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்யக்கூடிய பி.சி.ஆர். சோதனையை, மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டிக்குள் அடக்க வேண்டும் என்பது சந்திரசேகர் நாயர் முதலானோரின் எண்ணம். வைரசின் மரபணுவைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டுவது பி.சி.ஆர். முறை. குளிரூட்டிய அறையின்றி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ஏறத்தாழ ஒரு மணி நேர அளவில் விடை வர வேண்டும். எத்தனை ஆண்டு உழைப்பு! கோவாவைச் சார்ந்த மோல்பியோ நிறுவனம் வாயிலாக 'ட்ரூநாட்' என்னும் பெயரில் அது வெளிவந்தது. முதலில் காசநோயைக் கண்டறியப் பயன்பட்டது. 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் அதனை ஏற்றது. கொரோனாக் காலத்தில் நாடெங்கும் பரவியது. அதே பெட்டியில் ஹெச்.பி.வி. சோதனையையும் செய்யும்படி பின்னர் அமைத்தனர். புது தில்லி எய்ம்ஸ், நொய்டாவிலுள்ள புற்றுநோய்த் தடுப்பு ஆய்வு நிறுவனம், மும்பையிலுள்ள இனப்பெருக்க நல ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்றும் அச்சோதனையை ஆராய்ந்து பார்த்தன. புனேயைச் சார்ந்த மைலேப் நிறுவனத்தின் சோதனையும் உடன் ஆராயப்பட்டது. இவ்விரு உள்நாட்டுச் சோதனைகளும் 2025 ஏப்ரலில் மத்திய அரசால் அறிவிக்கப்பெற்றன.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் வைரசைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, பி.சி.ஆர். முறையையும் கண்டுபிடிக்கவில்லை. தொலைவைக் குறைத்தார்கள். தொழில் முயற்சியின் உயிர் அதுவே.

தொலைவை முற்றிலும் நீக்கிய ஒரு பெண்மணியின் கதையையும் கேளுங்கள். 1967இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஒரு மருந்து நிறுவனத்தில் மார்கரெட் கிரேன் என்னும் இளம்பெண் வேலை செய்தார். அவர் மருத்துவரும் அல்லர், வேதியியல் அறிஞரும் அல்லர்; பொருள்களின் உறைகளுக்கு வடிவம் வரையும் ஓவியர். ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு இவை யாவை என்று வினவினார். கருவுற்றிருப்பதை அறியும் சோதனை என்றார்கள். இவ்வளவு எளிதானதை ஒரு பெண் தன் வீட்டிலேயே செய்துகொள்ளலாகாதோ என்று எண்ணினார். நெகிழிப் பெட்டி ஒன்று, ஒரு குழாய், அடியில் ஒரு சிறு கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டு தாமே ஒரு மாதிரி செய்தார். பெண்களிடம் இதனைக் கொடுக்கலாகாது என்று மேலோர் எதிர்த்தனர். அவர் விடவில்லை. 1971இல் அது கனடாவில் விற்பனைக்கு வந்தது. கண்டுபிடிப்பின் உரிமையை ஒரே ஒரு டாலருக்கு அவர் எழுதிக்கொடுத்தார்; அந்த ஒரு டாலரும் அவர் கைக்கு வரவில்லை. ஆனால் விடை பெண்ணின் கைக்கு வந்தது. அதே வழியில், ஹெச்.பி.வி. சோதனைக்கு வேண்டிய மாதிரியைப் பெண்ணே மறைவில் தானாக எடுத்துக் கொடுக்கலாம் என்னும் முறையும் இன்று ஏற்கப்பட்டுள்ளது. பிறர் முன் படுத்துக்கொள்ளக் கூசி வீட்டிலேயே தங்கிவிடும் நம் தாய்மாருக்கு இது எத்துணைப் பெரிய ஆறுதல்!

மார்பகப் புற்றுநோயிலும் இத்தகைய முயற்சிகள் நடைபெறுகின்றன. மம்மோகிராம் என்னும் ஊடுகதிர்ப் பொறி நகரத்து மருத்துவமனையில் இருக்கிறது. சிற்றூர்ப் பெண்ணை அது தேடி வருவதில்லை. மிஹிர் ஷா என்பவர் தொடங்கிய நிறுவனம், அமெரிக்காவில் டிரெக்செல் பல்கலைக்கழக அறிஞர்கள் கண்ட உணர்கருவியைக் கொண்டு, மார்பகத்தில் கடினமான இடத்தைத் தொட்டு உணரும் கையடக்கக் கருவியை உருவாக்கியது. பெங்களூரில் கீதா மஞ்சுநாத் என்னும் கணினி அறிஞர், உடல் வெப்பத்தைப் படம் பிடித்து அதனைக் கணினி கொண்டு ஆராயும் நிறுவனத்தைத் தொடங்கினார். தம் உறவுப் பெண்கள் இளவயதில் இந்நோய்க்கு ஆளானதே அவரை இவ்வழியில் செலுத்தியது. ஆயினும் வெப்பப் படம் மம்மோகிராமுக்கு மாற்றாக ஏற்கப்படவில்லை. துணையாக மட்டுமே கொள்ளத் தக்கது. இத்தகைய கருவிகள் 'மேலும் பார்க்க வேண்டும்' என்று சொல்லலாமே அன்றி 'இதுவே நோய்' என்று தீர்ப்புச் சொல்லலாகாது. இவ்வேறுபாட்டை வாங்குவோரிடம் ஒளிவின்றி எடுத்துரைப்பது செய்வோரின் கடமை.

ஏன் இதனை வற்புறுத்துகிறேன் என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் 1,000 பெண்கள். அவர்களுள் 10 பேருக்கு நோய் என்று கொள்வோம். நம் சோதனை 100 நோயாளிகளுள் 90 பேரைக் கண்டுபிடிக்கும். 100 நலமுள்ளோருள் 90 பேரை நலமுள்ளோர் என்றே சொல்லும். நல்ல சோதனை என்றே தோன்றும். செய்து பாருங்கள். நோயுள்ள 10 பேரில் 9 பேர் கண்டறியப்படுவர், ஒருவர் தப்பிவிடுவார். நலமுள்ள 990 பேரில் 99 பேருக்கு நோய் உண்டு என்று தவறாகச் சொல்லும். ஆக, நோய் உண்டு என்று சொல்லப்பட்ட 108 பேரில் உண்மையாக நோயுடையவர் 9 பேரே. அதாவது 12 பேருக்கு ஒருவர். மற்றப் பதினொருவரும் காரணமின்றி அஞ்சுவர். கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு அலைவர். தப்பிய அந்த ஒருவரோ, தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பி வீட்டில் இருப்பார். ஆதலால், சோதனைக் கருவி செய்பவர் கையில் இருப்பது வெறும் சரக்கன்று. பிறர் உயிரும் அமைதியும் ஆகும்.

இதனை மறந்த ஒருவரின் வீழ்ச்சியையும் அறிந்து வைத்தல் நன்று. எலிசபெத் ஹோம்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் 2003இல், தம் 19ஆம் வயதில், தெரானோஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்திலேயே எண்ணற்ற சோதனைகளைச் செய்துவிடலாம் என்றார். கோடி கோடியாகப் பணம் குவிந்தது. நோக்கம் அழகியது, தொலைவைக் குறைக்கும் நோக்கமே. ஆனால் பொறி சொன்னபடி இயங்கவில்லை. இயங்குவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. 2022இல் முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்துக்கு அவர் தண்டனை பெற்றார். திண்டுக்கல்லில் காடியைப் பயன்படுத்தியவர்கள் ஏழாண்டுகள் கணக்கெடுத்து உலகத்தின் முன் வைத்தார்கள். இவர்கள் கணக்கை மறைத்தார்கள். எளிய காடி நிலைத்தது. பகட்டான பொறி அழிந்தது.

மாணவ மாணவியரே, இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் தேர்வாய்கண்டிகையிலும் விடியலில் ஷிப்டு மாறும்போது நின்று பாருங்கள். நிறுவனப் பேருந்துகளிலிருந்து இறங்கும் பெண்களுள் உங்கள் அக்காவும் அத்தையும் தாயும் இருக்கக்கூடும். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் ஊதியம் போகும். 2022 முதல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அது நமக்குப் பெரும் பேறு. ஆயினும் கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிப்டு முடித்த பெண் திருவள்ளூர் சென்று காத்திருந்து, விடைக்காக மறுபடி செல்வது எளிதா? அவளுக்காகச் சோதனை செய்ய விரும்புகிறவர் முதலில் அவளோடு ஒரு நாள் பேருந்தில் செல்ல வேண்டும். எந்நேரத்தில் அவளுக்கு ஓய்வு? எங்கே மறைவான அறை உண்டு? விடையை யாரிடம் சொல்ல விரும்புவாள், யாரிடம் சொல்லக் கூசுவாள்? மே மாதத்து வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்த மருந்துப் பொருள் கெடாதிருக்குமா? மின்சாரம் நின்றால் பொறி என்ன செய்யும்? இக்கேள்விகளுக்கு விடை எந்த நூலிலும் இல்லை. உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அவ்வகையில் பெருநகரத்து அறிஞரைவிட நீங்கள் ஒரு படி முன்னே நிற்கிறீர்கள்.

வேண்டிய கைத்திறனும் நமக்குப் புதிதன்று. ஒரு சோதனைக் கருவியில் உள்ளவை யாவை? நுட்பமாக வார்த்த நெகிழிப் பகுதிகள், சிறு மின்சுற்றுகள், ஒளியை அளக்கும் உணரிகள், வேதிப்பொருள்கள், கணினி நிரல். இத்தொழில்களைக் கற்றவர் இம்மாவட்டத்தில் உள்ளனர். அவர்களையும் ஒரு செவிலியரையும் ஒரு மருத்துவரையும் ஒரே மேசையைச் சுற்றி அமரச் செய்பவரே தொழில்முனைவோர். உதவியும் உண்டு. மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 2012இல் அமைத்த 'பைராக்' என்னும் அமைப்பு, புதிய எண்ணத்தைச் செய்து காட்ட 50 இலட்சம் ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தை நடத்திவந்துள்ளது. சென்னையில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா 2010 முதல் இளம் நிறுவனங்களுக்கு இடமளித்து வருகிறது. பணம் கிடைக்கலாம், பொறுமையை மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும். ட்ரூநாட்டுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகள் இருந்தன என்பதை மறவாதீர்கள்.

பெண் மக்களே, உங்களுக்குத் தனியே ஒரு சொல். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954இல் நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கை புற்றுநோயால் மாண்ட துயரமே அவரை அப்பணிக்குத் தூண்டியது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் இறக்கும் வரை அந்நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டார். இவர்கள் இலாபத்துக்காகத் தொழில் நடத்தியவர்கள் அல்லர். ஆயினும் இல்லாத ஒன்றை உண்டாக்கும் துணிவில் எந்தத் தொழில்முனைவோருக்கும் குறைந்தவர்கள் அல்லர். இன்று சிறுமியர்க்குத் தடுப்பூசி வந்துவிட்டது. நல்லதே. ஆனால் 30 வயதைக் கடந்துவிட்ட உங்கள் தாய்மாரைக் காக்கப்போவது சோதனைதான்.

இறுதியாக ஒன்று. நீங்கள் ஒருநாள் உலகம் வியக்கும் சோதனைக் கருவியைச் செய்யலாம். அதன் விடை ஒரு நிமிடத்தில் வரலாம். அப்போதும், அந்த விடையைப் பெற்ற பெண் மருத்துவம் பெற்றாளா என்று மறுநாள் கேட்க ஒருவர் வேண்டும். அந்த மூன்றாம் தொலைவை எந்தப் பொறியும் தனியே கடக்காது. அம்மையார் பொங்கல் கழித்துப் போவதாகச் சொன்னபோது, "போனீர்களா, அம்மா?" என்று தை மாதத்தில் ஒரு முறை நான் கேட்டிருக்கலாம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. நான் கேட்கவில்லை.

நீங்கள் இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாயாரைக் கேளுங்கள்: "அம்மா, இந்தச் சோதனையைச் செய்துகொண்டீர்களா? விடை வந்ததா?" உங்கள் தொழில் முயற்சி அக்கேள்வியிலிருந்தே தொடங்கட்டும்.